ட்ரக்கியாஸ்டமியோடு அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவரலாமா? நர்ஸ் வேண்டுமா, கேர்கிவர் போதுமா?

டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து கேட்டிருக்கும் தங்கச்சிக்கு. நீங்கள் எழுதியதை முதலில் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 67 வயது, பெரிய ஸ்ட்ரோக். கழுத்தில் ட்ரக்கியாஸ்டமி (மூச்சு விட ஓட்டை போட்டு வைத்த குழாய்), வயிற்றில் உணவு செலுத்த பெக் ட்யூப், சிறுநீருக்குக் கதீட்டர், முதுகின் அடியில் படுக்கைப் புண் ஆரம்பித்திருக்கிறது. இன்னும் பத்து நாளில் டிஸ்சார்ஜ் என்கிறார்கள். 24 மணி நேரமும் நர்ஸ் வைக்க ஏஜென்சி கேட்கிற தொகை உங்கள் சம்பளத்தைவிடப் பெரிது, கேர்கிவர் என்றால் சமாளிக்கலாம், சொந்தக்காரர்கள் ஹோமில் சேர்த்துவிடு என்கிறார்கள். நர்ஸா கேர்கிவரா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பட்டது, நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு அடைத்தால் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு கை வைக்கப் போவது யார், அது தப்பாகப் போனால் பொறுப்பு யாருடையது?

நான் டர்பனில் நர்ஸ். பல வருஷம் ஐசியுவில் இருந்தேன், அப்புறம் இந்த மாதிரி நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலைக்கு வந்தேன். அப்பாவை நான் பார்க்கவில்லை, அவருடைய சார்ட்டையும் பார்க்கவில்லை, அதனால் அவர் வீட்டுக்கு வருகிற நிலையில் இருக்கிறாரா என்பதை அவருடைய டாக்டரும் வார்டு சிஸ்டரும்தான் சொல்ல வேண்டும். வீட்டில் எப்படி நடத்துவது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். 24 மணி நேர நர்ஸ் உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம், ஆனால் நர்ஸே இல்லாமல் கேர்கிவரை மட்டும் வைத்து இந்தக் கேஸை நடத்தக் கூடாது. ஒரு ரெஜிஸ்டர்டு நர்ஸ் தலைமையில் நடக்க வேண்டும். அதாவது அவர் வந்து பார்த்து, என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்து, உங்களுக்கும் அம்மாவுக்கும் கேர்கிவருக்கும் கற்றுக்கொடுத்து, கற்றதைச் சரியாகச் செய்கிறீர்களா என்று திரும்பத் திரும்ப வந்து பார்த்து, ஏதாவது மாறினால் டாக்டரைக் கூப்பிடுகிறவர். அவருடைய மணிநேரங்களை நீங்கள் குறைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் தினமும், அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள், எல்லாம் நிதானத்துக்கு வந்த பிறகு வாரத்துக்கு ஒரு தடவை என்று போகலாம். ஆனால் பொறுப்பு அவரிடமே இருக்க வேண்டும், போனில் எப்போது கூப்பிட்டாலும் கிடைக்க வேண்டும். குடும்பங்கள் காசு கொடுத்து மணிக்கணக்காக ஆளை வாங்குகிறார்கள், பொறுப்பை யாரும் வாங்குவதில்லை. நான் பார்த்த பெரும்பாலான ஆபத்துகள் அந்த இடத்தில்தான் வந்தன. மூன்று கேர்கிவர் ஷிப்ட் மாறி மாறி வருவார்கள், ஒவ்வொருவரும் நல்லவர்கள், சளி மூன்று நாளாகக் கெட்டியாகிக்கொண்டே வந்ததை மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்திருப்பார்கள், சேர்த்துப் பார்க்க ஆள் இருக்காது.

நர்ஸ் என்று வருகிறவர் நர்ஸ்தானா என்று பார்ப்பது சுலபம். இங்கே தென்னாப்பிரிக்காவில் நர்ஸிங் சட்டம் 2005-ஆம் வருஷத்தது. அதன்படி ப்ரொஃபஷனல் நர்ஸ் (நான் மேலே சொன்ன ரெஜிஸ்டர்டு நர்ஸ் இவர்தான்), ஸ்டாஃப் நர்ஸ், ஆக்ஸிலரி நர்ஸ் எல்லோரும் தென்னாப்பிரிக்க நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்து வருஷாவருஷம் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்த்தால் எந்த வகை, இந்த வருஷம் பதிவு செல்லுமா என்று தெரிந்துவிடும். கேர்கிவருக்கு அந்தப் பதிவு கிடையாது. அது அவர்களைக் குறைத்துச் சொல்வது இல்லை, நல்ல கேர்கிவர் ஒருவர் அமைந்தால் அவரைக் கண்ணில் வைத்துக் காப்பாற்றுங்கள். ஆனால் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது, நாப்கின் மாற்றுவது, கூட இருப்பது இவைதான் அவர் வேலை. இன்சுலின் எவ்வளவு போடுவது என்று அவரை முடிவெடுக்கச் சொல்லாதீர்கள். சக்ஷன், அதாவது ட்யூபிலிருந்து சளியை மெஷினால் உறிஞ்சி எடுக்கிற விஷயத்தில் மட்டும் நிலைமை கலங்கலாக இருக்கிறது. குடும்பத்தார் கற்றுக்கொண்டு சக்ஷன் செய்யலாம், உலகம் முழுக்க வீடுகளில் அம்மாக்களும் பிள்ளைகளும் செய்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. சம்பளத்துக்கு வருகிற கேர்கிவர் செய்யலாமா என்றால் ஏஜென்சிக்கு ஏஜென்சி வேறு பதில் வரும். அதனால் வாய்ப்பேச்சில் விடாமல், செய்வாரா மாட்டாரா, கற்றுக்கொடுத்தது யார், மேற்பார்வை யார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எது எப்படிப் போனாலும் ஒரு விஷயம் மாறாது. ட்ரக்கியாஸ்டமி இருக்கிறவரைக்கும் சக்ஷன் தெரிந்த ஒருவர் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும், ராத்திரியில் அவர் விழித்திருக்க வேண்டும். அப்பாவால் கூப்பிட முடியாது, குரல் வராது என்பதை மறந்துவிடுகிறோம். பக்கத்து அறையில் கதவைத் திறந்துவைத்துத் தூங்கினால் கேட்கும் என்று நினைப்பீர்கள், கேட்காது. அவருடைய நல்ல கை எதுவோ அதில் ஒரு மணியோ அழுத்துகிற பெல்லோ எப்போதும் இருக்கட்டும். படுக்கை பக்கத்தில் அதே அளவு ட்ரக்கி ட்யூப் ஒன்று, ஒரு சைஸ் சின்னது ஒன்று, சக்ஷன் மெஷின், மூச்சு கொடுக்கக் கையால் அமுக்குகிற அம்பு பேக், கத்தரிக்கோல், டார்ச். இவை ஒரே பெட்டியில் இருக்க வேண்டும், அந்தப் பெட்டியை யாரும் வேறு காரியத்துக்குத் திறக்கக் கூடாது.

சக்ஷனைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை என்று கடிகாரம் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது. கொரகொர சத்தம், ட்யூபின் வாயில் சளி தெரிவது, மூச்சு வேகமாவது, முகத்தில் ஒரு கலவரம், இவற்றைப் பார்த்துச் செய்வது. கையைக் கழுவி, கையுறை போட்டு, நர்ஸ் அளந்து குறித்துக்கொடுத்த ஆழம் வரைக்கும்தான் சின்னக் குழாயை உள்ளே விட வேண்டும், விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே எடுக்கும்போதுதான் உறிஞ்ச வேண்டும், 10 விநாடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். கூட இருந்து பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது, நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் திணறினால் அவருக்கும் திணறுகிறது. சளி வெள்ளையாக, தண்ணியாக இருந்தால் சரி. மஞ்சளோ பச்சையோ ஆனால், நாற்றம் வந்தால், இழுக்க முடியாமல் கெட்டியானால் அன்றைக்கே நர்ஸுக்குப் போன். ரத்தம் கோடு மாதிரி கொஞ்சம் வந்தால் ஆழமாகப் போயிருக்கலாம், நர்ஸிடம் சொல்லுங்கள். புது ரத்தம் நிறைய வந்தால் யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸ்தான், 10177, செல்போனில் 112. சக்ஷன் குழாய் உள்ளே இறங்கவே மாட்டேன் என்றால் ட்ரக்கி ட்யூபுக்குள் கழற்றி மாட்டுகிற உள் குழல் இருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள், பல சமயம் அடைப்பு அதில்தான் இருக்கும். இதை வீட்டுக்கு வந்த பிறகு பழகக் கூடாது. வார்டிலேயே நீங்கள் செய்ய, சிஸ்டர் பார்க்க, தைரியம் வருகிறவரைக்கும் செய்துவிட்டு வாருங்கள். முடிந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்க நீங்களும் அம்மாவுமே அப்பாவைப் பார்த்துக்கொள்ள வார்டில் அனுமதி கேளுங்கள், ஸ்டாஃப் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். அந்த ஒரு ராத்திரியில் உங்களுக்கே பதில் தெரிந்துவிடும். பேசுவதற்கு என்று ஒரு வால்வு கொடுத்தனுப்பினால், ட்யூபின் கஃப்பில் (ட்யூபைச் சுற்றி உள்ளே ஊதியிருக்கும் சின்னப் பலூன்) காற்றை முழுசாக இறக்காமல் அதைப் போடவே கூடாது. போட்டால் உள்ளே போன மூச்சு வெளியே வர வழி இருக்காது. ஸ்பீச் தெரபிஸ்ட் காட்டித்தந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

நம் வீடுகளுக்கு மட்டும் உள்ள சில விஷயங்களும் இருக்கின்றன, ஆஸ்பத்திரியில் தரும் துண்டுப் பிரசுரத்தில் அவை வராது. பார்க்க வருகிற பெரியம்மா சித்தி எல்லோரும் கோயிலிலிருந்து ஏதாவது கொண்டுவருவார்கள். ஒரு ஸ்பூன் தீர்த்தம், ஒரு வாய் கஞ்சி, கொஞ்சம் பாயசம், பாசத்தில்தான். விழுங்கும் சக்தி திரும்பிவிட்டது என்று ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லாதவரைக்கும் வாயில் எதுவும் கூடாது, அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். விபூதியை நெற்றியில் தொட்டு வையுங்கள், தூவ வேண்டாம், கழுத்தில் ஓட்டை திறந்திருக்கிறது. டால்கம் பவுடரும் அப்படியே. சாம்பிராணி அந்த அறைக்குள் வேண்டாம். ஆக்சிஜன் தேவையா என்று நீங்கள் எழுதவில்லை. தேவை என்றால் சாமி விளக்கு, கற்பூரம், கேஸ் அடுப்பு எதுவும் 3 மீட்டருக்குள் இருக்கக் கூடாது, முகத்தில் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவக் கூடாது. விளக்கை அணைக்கச் சொன்னால் அம்மாவுக்கு மனசு கஷ்டப்படும், சாமி படத்தையே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள், நான் போன வீடுகளில் அதை யாரும் மறுத்ததில்லை.

நம் தோலின் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் சிவப்பு என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. அதனால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா, நிறம் ஊதாவாகவோ இன்னும் கறுப்பாகவோ மாறியிருக்கிறதா. குதிகாலையும் பாருங்கள், அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவையுங்கள், இழுக்காமல் ஷீட்டோடு தூக்கி. ஏற்கெனவே ஆரம்பித்த புண்ணின் அளவை வாரம் ஒரு தடவை நர்ஸ் அளந்து எழுத வேண்டும். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற ஆக்சிமீட்டரும் கறுத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், 2020-க்குப் பிறகு இது நன்றாகவே நிரூபணமாகியிருக்கிறது. மெஷினில் நம்பர் நல்லபடியாக இருந்தும் ஆள் திணறுகிற மாதிரி இருந்தால் ஆளை நம்புங்கள்.

பெக் ட்யூபில் ஃபீட் ஓடும்போதும் முடிந்து ஒரு மணி நேரமும் தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். மருந்துக்கு முன்னும் பின்னும் தண்ணீர் விட்டு அலசுங்கள், மாத்திரையைப் பொடிக்கும் முன் ஃபார்மசிஸ்டைக் கேளுங்கள், மெதுவாகக் கரைகிற வகை மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். ட்யூப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த வழி சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பிக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போட்டு ஒரு மாதம்கூட ஆகாத ட்யூப் என்றால் வீட்டில் யாரும் திரும்பச் சொருக முயற்சி செய்யக் கூடாது. கதீட்டர் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். அவ்வளவுதான்.

கரண்ட். 2024-லிருந்து லோட்ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) பெரிய அளவில் குறைந்துவிட்டது, அதை நம்பி இருக்காதீர்கள், நம் பக்கத்தில் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் போதும். பேட்டரி உள்ள சக்ஷன் மெஷின் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள், கூடவே காலால் மிதிக்கிற பம்ப் ஒன்று. காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தருகிற கான்சன்ட்ரேட்டர் என்றால் 5 லிட்டர் மெஷின் ஏறக்குறைய 350 வாட் இழுக்கும், 1 கிலோவாட்-மணி பேட்டரி முழுசாக 3 மணி நேரம்கூடத் தாங்காது, அதனால் சிலிண்டர் ஒன்று கட்டாயம். 2021 ஜூலைக் கலவரத்தில் பீனிக்ஸில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாலைகளை அடைத்துவிட்டார்கள், ஃபார்மசி மூடிக் கிடந்தது, கேர்கிவர்களால் வர முடியவில்லை. அடுத்த ஏப்ரலில் வெள்ளம், டோங்காட் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. சக்ஷன் குழாய், கையுறை, ஃபீட், குடிநீர் எல்லாம் பத்து நாளைக்குக் குறையாமல் வீட்டில் இருக்கட்டும்.

பணத்துக்கு வருகிறேன். மெடிக்கல் எய்ட் (மாதச் சந்தா கட்டுகிற மருத்துவக் காப்பு ஸ்கீம்) இருந்தால் 'ஹோம் நர்ஸிங் உண்டா' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியிலோ ஸ்டெப்-டவுனிலோ (ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் தங்கித் தேறுகிற இடம்) தங்குவதற்குப் பதிலாக வீட்டில் நர்ஸிங் தர முடியுமா என்று கேளுங்கள், பல ஸ்கீம்களில் அந்த வழி இருக்கிறது, அவர்களுக்கும் செலவு மிச்சம். ஏன் தேவை என்று டாக்டர் ஸ்கீமுக்கு எழுதுகிற மோட்டிவேஷன் கடிதத்தில் 'நோயாளியைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும்' என்று இருந்தால் தள்ளிவிடுவார்கள். ட்ரக்கியாஸ்டமி, சக்ஷன், புண்ணுக்குக் கட்டு, பெக் என்று நர்ஸ் செய்ய வேண்டிய வேலைகள் ஒவ்வொன்றும் எத்தனை தடவை என்று இருக்க வேண்டும். முன் அனுமதி டிஸ்சார்ஜுக்கு முன்பே வர வேண்டும். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலில் புகார் செய்ய அந்தக் கடிதம் வேண்டும். குளிப்பாட்ட, கூட இருக்க வரும் கேர்கிவருக்கு எந்த ஸ்கீமும் அனேகமாகக் கொடுக்காது. அரசுப் பக்கம், அப்பாவுக்கு முதியோர் உதவித்தொகை வருகிறது என்றால், முழுநேரமும் இன்னொருவர் துணை தேவைப்படுகிறவர்களுக்கு சாசா (அரசின் சமூக உதவித்தொகை அமைப்பு) கூடுதலாகத் தரும் கிராண்ட்-இன்-எய்டுக்கு விண்ணப்பியுங்கள். தொகை சின்னது, கையுறைச் செலவுக்காவது ஆகும். கிளினிக்கிலிருந்து வரும் சமூக சுகாதாரப் பணியாளர்கள் எட்டிப் பார்ப்பார்கள், சக்ஷன் செய்ய மாட்டார்கள். சாட்ஸ்வர்த் ஹாஸ்பிஸ் மாதிரி இடங்களிலிருந்து வீட்டுக்கு சிஸ்டர் வருவது குணமாகாத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு. அப்பா அந்த நிலையில் இருக்கிறாரா என்று டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டும், கேட்பது கஷ்டம்தான். ஏஜென்சி இல்லாமல் நீங்களே கேர்கிவரை வைத்தால் சட்டப்படி நீங்கள் முதலாளி. நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்கிறவரும் வீட்டுத் தொழிலாளர் என்ற கணக்கில் வருவார், வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், யுஐஎஃப் (வேலையிழப்புக் காப்பீடு) கட்ட வேண்டும். ஒரே பெண்ணை ஏழு நாளும் ராத்திரி பகலாக வைப்பது சட்டத்துக்கும் ஆகாது, அப்பாவுக்கும் ஆபத்து.

காகித விஷயம் ஒன்று, அவசரமானது. அப்பா சம்மதம் சொல்ல முடியாத நிலையில், அவர் முன்பே யாரையும் எழுதிக்கொடுத்து நியமிக்கவில்லை என்றால், சிகிச்சைக்குச் சம்மதம் தரும் வரிசையை 2003 தேசிய சுகாதாரச் சட்டம் சொல்கிறது. முதலில் மனைவி, அப்புறம் பெற்றோர், தாத்தா பாட்டி, அதற்குப் பிறகுதான் வயதுவந்த பிள்ளைகள். அப்படியானால் கையெழுத்து அம்மாவுடையது, நீங்கள் எவ்வளவு ஓடியாடிச் செய்தாலும். பேங்க் கணக்கு வேறு. அப்பா நன்றாக இருந்தபோது உங்களுக்கு பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்திருந்தாலும், அவர் புத்தி தெளிவை இழந்தால் இந்த நாட்டில் அது செல்லாமல் போய்விடும். தெளிவு இருக்கிறதா என்பதை டாக்டர் மதிப்பிட வேண்டும், பேச முடியாதது மட்டும் தெளிவில்லாமை ஆகாது. தெளிவு இல்லை என்றால் அவர் சொத்தையும் பணத்தையும் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் வழியாகக் கியூரேட்டரோ, மனநலச் சட்டப்படி அட்மினிஸ்ட்ரேட்டரோ நியமிக்க வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும், வக்கீலை இப்போதே பாருங்கள்.

வீடா ஹோமா என்பதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான். தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிக்குப் பதில் வீட்டில் சிகிச்சை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இறப்பு கூடவில்லை, நோயாளிகளுக்குத் திருப்தி அதிகம் என்று வந்திருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் கொஞ்ச நாள் சிகிச்சைகள், நல்ல டீம் பின்னால் இருந்தவை, மாதக்கணக்கான ட்ரக்கியாஸ்டமிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அப்பா மறுபடி விழுங்குவாரா, ட்யூபை எடுக்க முடியுமா என்று இந்த வாரங்களில் யார் உறுதியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள், நல்லபடியாகச் சொன்னாலும் கெட்டபடியாகச் சொன்னாலும். சிலருக்கு மாதங்களில் மெல்லத் திரும்புகிறது. உங்கள் வீட்டில் சக்ஷன் கற்றவர்கள் மூன்று பேராவது இல்லை என்றால், அம்மாவும் நீங்களும் மட்டும்தான் என்றால், முதல் ஆறு வாரம் ஸ்டெப்-டவுனில் வைத்துவிட்டு அப்புறம் கொண்டுவருவது நல்லது என்பது என் அபிப்பிராயம். அது அப்பாவைக் கைவிடுவது ஆகாது, சொந்தக்காரர்கள் என்ன பேசினாலும். உங்கள் தம்பி வேலைக்குப் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனையும் கூப்பிட்டு உட்காரவைத்து எந்த ராத்திரி யாருடையது என்று காகிதத்தில் பேர் போடுங்கள். அப்பாவைக் குளிப்பாட்டவும் ஒரு ஆண் கேர்கிவர் கிடைப்பாரா பாருங்கள், மகள் தன்னைத் துடைத்துவிடுவதை நம் அப்பாக்கள் பலரால் தாங்க முடிவதில்லை, வாய் விட்டுச் சொல்லவும் அவரால் முடியாது.

நாளைக்கே வார்டு சிஸ்டரிடம் போய் இவற்றை எழுதி வாங்குங்கள்: ட்ரக்கி ட்யூபின் பேர், அளவு, கஃப் உண்டா, கடைசியாக மாற்றிய தேதி, அடுத்து யார் எங்கே மாற்றுவார்கள். சக்ஷன் ஆழம் எத்தனை சென்டிமீட்டர். பெக் போட்ட தேதி. கதீட்டர் மாற்ற வேண்டிய தேதி. காய்ச்சலும் ஆக்சிஜனும் மூச்சு எண்ணிக்கையும் எந்த நம்பரைத் தாண்டினால் நர்ஸுக்குப் போன், எந்த நம்பரில் ஆம்புலன்ஸ், இது அப்பாவுக்கென்று டாக்டர் கையெழுத்தோடு. டிஸ்சார்ஜை வெள்ளிக்கிழமை மத்தியானம் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், திங்களோ செவ்வாயோ கேளுங்கள், சனி ஞாயிறில் சக்ஷன் மெஷின் கெட்டால் சப்ளையர் போனை எடுக்க மாட்டார்கள். எழுதி வாங்கியதை இங்கே போட்டால் எந்தப் பொருள் எவ்வளவு வாங்குவது என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். பேரும் ஆஸ்பத்திரி நம்பரும் மட்டும் மறைத்துவிடுங்கள்.